தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே கொரிய மொழி கற்றல்: ஒரு நீண்ட கால அனுபவம்

தென்கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியராகச் செல்பவர்களில் பலர், அங்கே வாழ்ந்தாலே கொரிய மொழி தானாக வந்துவிடும் என்று நம்பிக் கிளம்புகிறார்கள். கனடாக் குடியுரிமையில், மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா பெற்று, தேகு நகரின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் கற்பித்த எனக்கு அந்த நம்பிக்கை சரியென்று படவில்லை. வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசுவதற்காகத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். உடன் கற்பிக்கும் கொரிய ஆசிரியர் தம் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ளும் ஆர்வத்தில் நம்மிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறார். வங்கிக் கணக்கு, வாடகை வீடு, மருத்துவமனை என எல்லாவற்றையும் அன்போடு அவரே முடித்தும் கொடுத்துவிடுகிறார். தனியே நேரம் ஒதுக்கிப் படிக்காதவர், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் கடையில் விலை கேட்கும் அளவைத் தாண்டுவது அரிது.

அந்த நேரம் கிடைப்பது, எங்கே வேலைக்குச் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சி மையங்களில் வேலை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீள்வதால், மாலை வகுப்பு எதற்கும் போக முடியாது. அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை எடுக்கும் எபிக் திட்டத்தில் வாரத்துக்கு 22 பாடவேளைகள். மாலை நாலரை மணியளவில் வெளியே வந்துவிடலாம். மொழி கற்கும் எண்ணம் உள்ளவர்கள் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்துமுறையில் இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே என்பதால் அதைச் சில நாள்களில் கூட்டி வாசித்துவிடலாம். நம் ககரம் சொல்லின் முதலில் ஒரு விதமாகவும் இடையில் வேறு விதமாகவும் ஒலிப்பதைப் போலவே கொரியக் ககரமும் இடத்துக்கேற்ப மாறுவதால், நமக்கு அது இயல்பாகவே அமைகிறது. ஆனால் மென்மையாகவும், இறுக்கியும், மூச்சுவிட்டும் ஒலிக்கும் மூன்று தகரங்கள் அங்கே உண்டு. தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்' தான். கொரியத்திலோ ஒன்று நிலவு, ஒன்று மகள், ஒன்று முகமூடி. இந்த வேறுபாடு காதில் பிடிபட எனக்கு இலக்கணத்தைவிட அதிகக் காலம் ஆயிற்று.

இலக்கணத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பெரும் வசதி இருக்கிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் 'ஒஜே சன் சேக்' என்கிறார்கள். ஒன்றை உண்டு சுவைத்துப் பார்ப்பதையும் நம்மைப் போலவே 'பார்' என்ற வினையைச் சேர்த்தே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இவற்றைத் தமிழில் நினைத்துப் பார்த்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். வாக்கிய இறுதியில் வரும் 'யோ' என்ற மரியாதை விகுதியை, கொங்கு நாட்டு 'வந்தேனுங்க'வில் உள்ள 'ங்க'வாக எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. மாணவர்கள் பேசும் கொரியத்தை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் தமக்குள் பேசும்போது இந்த 'யோ' இருக்காது, அதே பேச்சைத் துணைத் தலைமையாசிரியரிடம் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும்.

நான் பயன்படுத்தியவற்றுள் முதலிடம், வெளிநாட்டவருக்குக் கொரிய மொழி கற்பிக்க நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்துக்குத்தான். தகுதித் தேர்வு எழுதி, 0 முதல் 5 வரையுள்ள நிலைகளில் நமக்குரியதில் சேரலாம். 1 முதல் 4 வரை ஒவ்வொரு நிலைக்கும் 100 மணி நேரம், 80 விழுக்காடு வருகை கட்டாயம். நான் சேர்ந்தபோது கட்டணம் இல்லை. இப்போதைய நிலையைச் சேருமுன் கேட்டறிவது நல்லது. திருமணமாகி வந்த வியட்நாம் பெண்களும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேபாள இளைஞர்களும் என் வகுப்பில் இருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் பொதுவான மொழி கொரியம் ஒன்றே என்பதால், ஆங்கிலத்தின் பின்னால் ஒதுங்க அங்கே வழியில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எந்தச் செயலிக்கும் மேலாக வைப்பேன்.

வாசிப்புப் பழக்கத்தை எனக்குத் தந்தது பள்ளியின் மதிய உணவுப் பட்டியல். மாதந்தோறும் ஒட்டப்படும் அந்தத் தாளில், ஒவ்வோர் உணவின் பெயருக்குப் பின்னும் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கும் எண்கள் இருக்கும்: 9 இறால், 10 பன்றி இறைச்சி, 16 மாட்டிறைச்சி. சைவம் உண்பவர்கள் எண்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. குழம்புகளில் பரவலாகச் சேரும் நெத்திலிக்கு, 'ம்யோல்ச்சி'க்கு, அந்த வரிசையில் எண் இல்லை. உணவின் பெயரையே வாசித்து, அது எதில் செய்யப்படுகிறது என்று சமையலறை அம்மாவிடம் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்கள் இன்றும் மறக்கவில்லை.

செயலிகளில் ஆங்கி நினைவு அட்டைகளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். பிறர் தயாரித்த தொகுப்புகளைவிட, பள்ளி அறிவிப்புகளிலிருந்து நானே எடுத்து எழுதிய வாக்கியங்களே பலன் தந்தன. பாப்பகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி நன்றாகவே இருக்கிறது, ஆனால் நாமாக ஒருமுறை வாசித்துப் பொருள் ஊகித்த பிறகு திறந்தால்தான் அது கற்க உதவும்.

கொரிய மொழித் திறனை அளக்கும் டோபிக் தேர்வு விசாவுக்கும் வேலைக்கும் பயன்படும். மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மட்டுமே அதில் அடங்கும். பேச்சுக்கென 2022-இல் தனித் தேர்வு தொடங்கியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வேலை செய்பவர்கள் அந்தப் பேச்சுத் தேர்வுக்கும் சேர்த்தே தயாராவது நல்லது, ஏனெனில் ஆசிரியர் கூட்டத்தில் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது வாசிப்பில் வாங்கிய மதிப்பெண் உதவிக்கு வராது. தேகுவில் அந்தக் கேள்வி, பாடநூலில் இல்லாத 'நோ' என்ற கியோங்சாங் வட்டார விகுதியோடும் வந்து சேரலாம்.