பெயர் நீக்கமா, இரைச்சலா? சிறு ஊர்களின் தரவைக் காக்க இரு வழிகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பட்டிருக்கும் நுண்நிதிக் கடன் பற்றி நாங்கள் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறோம். அதை வெளியிடும் வேளையில் இரண்டு முறைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. முதலாவது கே-அநாமதேயம்: பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீக்கி, வயதை வீச்சாகவும் ஊரைப் பிரிவாகவும் பருமட்டாக்கி, குறைந்தது கே பதிவுகளாவது (கே என்பது நாமே தெரிவு செய்யும் ஓர் எண்) ஒன்றைப்போல் ஒன்று தோன்றும்படி செய்வது. இரண்டாவது, டிஃபரன்ஷியல் பிரைவசி என்று ஆய்வாளர் வழங்கும் வேறுபாட்டுத் தனியுரிமை: தனிப் பதிவு எதையும் வெளிவிடாமல், தொகையை மட்டும், அதனுடன் அளவறிந்த இரைச்சலை, அதாவது தற்செயலாக எடுத்த ஒரு சிறு கூட்டலையோ கழித்தலையோ, கலந்து வெளியிடுவது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம்.

முதலாவது இலகுவானது. எக்செல் தெரிந்த எவரும் செய்யலாம். பிரதேச செயலகத்தில் விளக்கமும் கேட்க மாட்டார்கள். பெயர் நீக்கம் மட்டும் போதாது என்பதோ 1990களிலேயே தெரிந்துவிட்டது. பெயரற்ற மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கணினி ஆய்வாளர் லட்டான்யா சுவீனி கண்டெடுத்தார். பியரஞ்சலா சமரட்டியும் அவரும் 1998இல் முன்வைத்த கே-அநாமதேயத்துக்கு இந்த அனுபவமே பின்னணி. சுவீனி அந்த வாக்காளர் பட்டியலை 20 டொலர் கொடுத்து வாங்கினார். வன்னியில் அதற்கு ஈடான பட்டியல் அயலவரின் நினைவிலேயே இருக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தாய், படிவத்தை நிரப்ப முன்னரே என்னிடம் கேட்டார்: "தம்பி, பேர் போடாட்டிலும் ஊருக்குத் தெரியுமெல்லோ?" ஒரு கால் இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய், தையல் வேலை செய்பவர் என்ற மூன்று விவரங்கள் போதும், ஒரு கிராம அலுவலர் பிரிவில் அவர் யாரென்று எவரும் சொல்லிவிடுவார்கள்.

எனினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுவன்று. பருமட்டாக்கலை இன்னும் கூட்டி இதை ஓரளவு சமாளித்திருக்கலாம். தீர்மானித்தது, ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வெளியிட வேண்டியிருக்கிறது என்பதுதான். ஒரு பிரிவில் கடன் தவணை தவறிய குடும்பங்கள் சென்ற ஆண்டு 12, இவ்வாண்டு 13 என்று வெளியிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைக்காலத்தில் அங்கே மீள்குடியேறியது ஒரே ஒரு குடும்பம், மற்றவர்களின் நிலை மாறவில்லை என்று அறிந்தவருக்கு, அந்தக் குடும்பத்தின் கடன் நிலை வெளிச்சமாகிவிடும். இரு அட்டவணைகளும் தனித்தனியே பார்த்தால் விதிக்குள் நிற்பவை. சேர்த்துப் பார்த்தால் காவல் இல்லை. நுண்நிதி நிறுவனமொன்றின் வசூலிப்பாளர் அந்த இரண்டையும் கையில் வைத்திருப்பதை நினைத்துப் பார்த்தால், இதை வெறும் கணிதச் சிக்கலாக ஒதுக்க முடியாது. கே-அநாமதேயத்தில், இதுவரை வெளியிட்டவை எல்லாம் சேர்ந்து எவ்வளவைக் கசியவிட்டன என்று கூட்டிப் பார்க்க அளவுகோலே இல்லை.

சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மக்ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகியோர் 2006இல் முன்வைத்த வேறுபாட்டுத் தனியுரிமையில் அந்த அளவுகோல் உண்டு. அதன் பெயர் எப்சிலன். அது சிறிதாகச் சிறிதாக இரைச்சல் கூடும், கசிவு குறையும். எப்சிலன் 0.2 என்று வைத்தால், ஒரு குடும்பத்தின் விடை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், எந்த ஒரு முடிவும் வெளிவருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 1.22 மடங்குக்கு மேல் மாறாது. பார்ப்பவர் முன்கூட்டியே எதை அறிந்திருந்தாலும் இந்த எல்லை நிற்கும். வெளியீடுகள் கூடினால் எப்சிலன்களையும் கூட்டலாம்: ஐந்து ஆண்டுக்கு 0.2 வீதம் மொத்தம் 1. ஆகவே, தனியுரிமைக்கு ஒரு பாதீட்டை முதலிலேயே ஒதுக்கி, அது தீர்ந்ததும் வெளியிடுவதை நிறுத்திவிடலாம். ஒரு குடும்பம் ஒரே கட்டத்துக்குள் மட்டும் விழும் வகையில் ஆண்டுக்கு ஓர் அட்டவணை என்று கட்டுப்படுத்திக்கொண்டதும் இதற்காகத்தான்.

இதற்கு விலை உண்டு. எப்சிலன் 0.2 என்றால், நாங்கள் கலக்கும் லாப்லாஸ் வகை இரைச்சலின் நியம விலகல், அதாவது உண்மைத் தொகையிலிருந்து எண் விலகும் வழக்கமான அளவு, ஏறத்தாழ 7. ஒரு பிரிவின் உண்மைத் தொகை 4 ஆக இருந்தால், வெளியாகும் எண் பயன்படாது. சிலவேளை பூச்சியத்துக்குக் கீழான எண்ணாகவும் வரும். அதைப் பூச்சியமாக்குவது காவலைக் குறைக்காது என்றாலும், படிப்பவர் குழம்பலாம். எனவே கிராம அலுவலர் பிரிவு வாரியான எண்களை நாங்கள் கைவிட்டு, மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டோம். மிகவும் பாதிக்கப்பட்ட சிறு கிராமம் இதனால் அட்டவணையில் தெரியாமல் போகிறது. அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. மக்கள்தொகை பெரிதாக உள்ள இடத்தில், ஒரே ஒருமுறை வெளியிடும் கணக்கெடுப்புக்கு, பழைய முறையே போதும் என்று நினைக்கிறேன். நேர்காணல் உரைகளுக்கு எங்கள் முறை உதவவில்லை. அவற்றை வெளியிடாமலே வைத்திருக்கிறோம். இரண்டு சுற்றுகள்தான் முடிந்திருப்பதால், பாதீடு தீரும் ஆண்டில் என்ன செய்வோம் என்பதில் அனுபவத்தோடு பேச என்னால் முடியாது.

கிரேக் ஜென்ட்ரி 2009இல் சாத்தியமாக்கிக் காட்டிய முழுமையான ஹோமோமார்ஃபிக் மறைகுறியாக்கத்தையும், அதாவது தரவை மறைத்தபடியே கணிக்கும் முறையையும், சிலர் பரிந்துரைத்தார்கள். அது கணிக்கும் வேளையில் தரவைக் காக்கும். கணித்து வெளியிட்ட விடையிலிருந்து கசிவதைத் தடுக்காது.

எப்சிலனை யார் முடிவு செய்வது என்பதற்கு ஆய்வுலகில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இரைச்சல் எப்படிக் காக்கிறது என்று விளக்க, நாங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஸ்டான்லி வார்னர் 1965இல் சொன்ன வழியின் ஒரு வடிவத்தைச் செய்து காட்டினோம்: நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் உண்மையைச் சொல்வது, பூ விழுந்தால் மறுபடி சுண்டி விழுந்தபடி ஆம் அல்லது இல்லை என்பது. பிறகு கூடிய இரைச்சலோடும் குறைந்த இரைச்சலோடும் இரண்டு மாதிரி அட்டவணைகளை அவர்கள் முன் வைத்தோம். அவர்கள் கூடிய இரைச்சலையே கேட்டார்கள். 0.2 என்ற எண் அங்கிருந்து வந்தது.