எட்டால் வகுத்தால் போதுமா? பழைய ஹார்டு டிஸ்க் வேகங்கள் ஓர் ஒப்பீடு

பழைய ஹார்டு டிஸ்க்குகளின் வேகத்தை ஒப்பிட உட்கார்ந்தால் முதல் தலைவலி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் பேசுவதுதான். எம்எஃப்எம் (தட்டில் பிட்டைப் பதியும் பழைய முறை) டிஸ்க்குக்கு 5 மெகாபிட்; டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் முறைகளில் ஸ்கஸிக்கு 5 மெகாபைட், ஐடிஇ-க்கு 'பிஐஓ மோடு 4' என்ற வேகப் படி, சாட்டாவுக்கு 1.5 ஜிகாபிட். எல்லாவற்றையும் 'விநாடிக்கு இத்தனை மெகாபைட்' என்று மாற்றினால்தான் எது எதை முந்துகிறது என்று தெரியும். பிட்டை எட்டால் வகுத்தால் பைட், சரி. ஆனால் அந்த ஒரே வாய்ப்பாட்டை எல்லாவற்றுக்கும் போட்டால் கணக்கு உதைக்கும்.

அதிகம் உதைப்பது எம்எஃப்எம்-மில். சீகேட் 1980-ல் கொண்டுவந்த எஸ்டி-506, அதன் பிறகு வந்த எஸ்டி-412 இரண்டிலும் கேபிளில் ஓடுவது 5 மெகாபிட். எட்டால் வகுத்தால் 625 கிலோபைட். ஆனால் அந்த ஓட்டத்தில் செக்டர் (தட்டில் டேட்டா பதியும் சிறு துண்டு) தலைப்பு, இடைவெளி எல்லாமே அடக்கம். ஒரு டிராக்கில் (தட்டின் ஒரு வட்டப் பாதை) 17 செக்டர், செக்டருக்கு 512 பைட். ஆக ஒரு சுற்றுக்கு 8,704 பைட். தட்டு நிமிடத்துக்கு 3,600 சுற்று, அதாவது விநாடிக்கு 60. பெருக்கினால் 522 கிலோபைட்தான். இதுவும் கன்ட்ரோலர் (டிஸ்க்கை இயக்கும் கார்டு) மூச்சுவிடாமல் படித்தால் மட்டுமே. 1983-ல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி-யின் கன்ட்ரோலரால் அது முடியவில்லை. 6:1 இன்டர்லீவ் போட்டிருந்தார்கள், அதாவது அடுத்தடுத்த செக்டர்களை ஆறு இடத்துக்கு ஒன்றாகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு டிராக்கை முழுதாகப் படிக்க ஆறு சுற்று. மிஞ்சியது சுமார் 87 கிலோபைட்.

பிட்டுகளை இன்னும் நெருக்கிப் பதியும் ஆர்எல்எல் இதற்கு நேர் போட்டி. 7.5 மெகாபிட், டிராக்குக்கு 26 செக்டர், இன்டர்லீவ் இல்லையென்றால் ஏறக்குறைய 799 கிலோபைட். எம்எஃப்எம்-முக்கென்று செய்த டிஸ்க்கிலேயே ஆர்எல்எல் கன்ட்ரோலரை மாட்டி, கூடுதல் இடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் உண்டு. தாங்காத டிஸ்க்கில் டேட்டா போய்விடும். 10 மெகாபிட்டில் தொடங்கிய இஎஸ்டிஐ என்ற இணைப்பு முறை இரண்டையும் விட மேல். ஐடிஇ மலிவாக வந்ததும் காணாமல் போனது.

ஐடிஇ, ஸ்கஸி இரண்டிலும் வகுத்தலே வேண்டாம். பல கம்பிகளில் பிட்டுகள் ஒரே நேரத்தில் போகும் இணைக் கேபிள் என்பதால், ஒரு தடவைக்கு எத்தனை பைட், விநாடிக்கு எத்தனை தடவை என்று பெருக்கினால் முடிந்தது. பிஐஓ மோடு 4-ல் 120 நானோவிநாடிக்கு ஒரு முறை 2 பைட் போகும்: 16.7 மெகாபைட். இன்னும் வேகமான முறையான யூடிஎம்ஏ-வின் மோடு 2 அதே 120 நானோவிநாடியில் இரண்டு முறை அனுப்பியது: 33.3. அதற்கு மேல் 66, 100, 133 என்று பெயரிலேயே மெகாபைட் இருக்கிறது. கேபிளில் மட்டும் 40-க்குப் பதில் 80 கம்பி வேண்டும். மோசமான கேபிளில் விண்டோஸ் எக்ஸ்பி பிழைகளை எண்ணிக்கொண்டே வந்து, ஆறு சேர்ந்ததும் சத்தமில்லாமல் மோடைக் குறைக்கும். போகப்போக பிஐஓ-வுக்கே இறங்கிவிடும். நல்ல டிஸ்க் திடீரென்று நொண்டினால் டிவைஸ் மேனேஜரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஸ்கஸி முதலில் 8 பிட், 5 மெகாஹெர்ட்ஸ்: 5 மெகாபைட். பிறகு ஃபாஸ்ட், வைட், அல்ட்ரா என்று பெயர்கள் குழப்பினாலும், அல்ட்ரா160 என்றால் 160 மெகாபைட்தான். அதே கேபிளில் இருக்கும் 15 சாதனங்களும் பங்கு போட்டுக்கொள்வது அந்த 160-ஐ. ஒற்றை டிஸ்க் வைத்த வீட்டுக் கணினிக்கு ஸ்கஸி வீண்செலவு என்பதே என் கட்சி. பல டிஸ்க் சுழலும் சர்வரில் ஐடிஇ-க்கு அதன் பக்கத்தில் இடமில்லை.

சாட்டாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1.5 ஜிகாபிட்டை எட்டால் வகுத்தால் 187.5 வரும், அது தப்பு. ஒவ்வொரு பைட்டும் கம்பியில் 10 பிட்டாகப் போவதால் பத்தால் வகுக்க வேண்டும்: 150. ஐடிஇ-யின் 133-ஐ விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் காலத்து 7,200 சுற்று டிஸ்க்கின் தட்டிலிருந்து 50, 60 மெகாபைட் வந்தாலே பெரிய விஷயம் என்பதால், அந்தச் சண்டை விளம்பரத்துக்கு மட்டும் உதவியது. 1024-ஐ அடிப்படையாக வைத்து எண்ணும் மென்பொருளில் 133 என்பது 127 ஆகத் தெரியும். அது வேகக் குறைவு இல்லை.

இன்று இந்தக் கணக்கு உதவுவது பழைய ஐடிஇ டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்க அடாப்டர் வாங்கும்போது. யூஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் காகிதத்தில் 60 மெகாபைட். நெறிமுறைச் செலவு போக அதிகபட்சம் 53, கைக்கு வருவது 30 சொச்சம். இன்னொரு வகை இணைப்பான ஃபயர்வயர் 400 காகிதத்தில் 49 என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0-வை முந்தும். 80 ஜிகாபைட் டிஸ்க்கை 30 மெகாபைட்டில் எடுக்க முக்கால் மணி நேரம். யூஎஸ்பி 3 அடாப்டர் போட்டால் டிஸ்க் தரும் 50-க்கு அரை மணிக்குள் முடியும்; அதற்கு மேல் அடாப்டருக்குக் காசு கொட்டினாலும் டிஸ்க் வேகமாகச் சுழலாது. எம்எஃப்எம் டிஸ்க்குக்கு இந்த அடாப்டர் எதுவும் பொருந்தாது. அதன் கேபிளில் வருவது வெறும் துடிப்புகள். அவற்றை பைட்டாக்க அதே வகைக் கன்ட்ரோலர் வேண்டும், முடிந்தால் முதலில் ஃபார்மட் செய்த அதே கார்டு.