ஒட்டு தெரியாமல் படங்களை இணைத்தல்: மூன்று முறைகள், ஓர் ஒப்பீடு

ஒரு படத்திலிருந்து உருவத்தை வெட்டி இன்னொன்றில் வைப்பது எளிது. வைத்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதில்தான் வேலை இருக்கிறது. இதற்கு லேயர் மாஸ்க் (ஒரு லேயரில், அதாவது பட அடுக்கில், எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் எனக் குறிக்கும் மறைப்பு), பல அலைவரிசைக் கலப்பு, பாய்சான் கலப்பு என மூன்று முறைகள் உள்ளன. எதைத் தேர்வது என்பதை, வெட்டும் கோடு படத்தில் எதன் மீது செல்கிறது என்பதே தீர்மானிக்க வேண்டும்.

பாய்சான் முறையை 2003இல் பெரேஸ், கங்னே, பிளேக் ஆகிய மூவர் முன்வைத்தனர். ஒட்டப்படும் பகுதியின் பிக்சல் நிறங்களை அப்படியே எடுக்காமல், அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லையில் உள்ள நிறத்தைப் பின்னணியிலிருந்து பெற்று, உள்ளே உள்ள நிறங்களை இது புதிதாகக் கணக்கிடுகிறது. தெளிந்த வானத்தில் ஒரு பறவையைச் சேர்க்கவும் தோலில் உள்ள வடுவை மறைக்கவும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் வெட்டிய எல்லையின் ஒரு பகுதி புல்வெளியிலும் மற்றொரு பகுதி வெள்ளைச் சுவரிலும் விழுந்தால், அந்த நிறங்கள் உள்ளே கசிந்து முகத்தில் பச்சை படரும்.

பர்ட், ஏடல்சன் இருவரும் 1983இல் விளக்கிய பல அலைவரிசைக் கலப்பு, வானத்தின் நிறம் போன்ற மெதுவான மாற்றங்களை அகலமாகவும், இலை விளிம்பு போன்ற நுண்விவரங்களைக் குறுகலாகவும் கலக்கிறது. பல படங்களை இணைத்து உருவாக்கும் அகலப் படமான பனோரமாவுக்கு இதுவே ஏற்றது. என்பிளெண்ட் மென்பொருள் இம்முறையில்தான் இயங்குகிறது. ஆயினும் இரு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒருவர் நகர்ந்திருந்தால், இணைப்புக் கோட்டை அவரைச் சுற்றிக் கொண்டுசெல்லாதவரை, அவர் பாதி உருவமாகவோ நிழலாகவோ எஞ்சுவார்.

மனித உருவங்களுக்கு நான் மாஸ்க்கையே பரிந்துரைப்பேன். நேரம் அதிகம் எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் நிறம் முழுவதும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். இங்கே பெரும்பாலோர் தவறுவது, உருவம் முழுவதற்கும் ஒரே அளவு ஃபெதர் (மாஸ்க்கின் விளிம்பை மங்கலாக்குதல்) கொடுப்பதில்தான். கேமரா கண்ணில் ஃபோகஸ் செய்திருந்தால் கன்னத்தின் விளிம்பு கூர்மையாகவும், பின்னால் உள்ள தோளின் விளிம்பு மங்கலாகவும் இருக்கும். மாஸ்க்கின் விளிம்பும் அவ்வாறே இடத்துக்கு இடம் மாற வேண்டும். வெளிச்சமான பின்னணியில் எடுத்த கருங்கூந்தலை இருண்ட பின்னணிக்கு மாற்றும்போது, இழைகளின் ஓரத்தில் பழைய வெளிச்சம் வெண்கோடாகத் தங்கிவிடும். மாஸ்க்கை மேலும் உள்ளே தள்ளினால் இழைகளே போய்விடும் என்பதால், அந்த லேயருடன் பிணைத்த புதிய லேயரில், அருகிலுள்ள முடியின் நிறத்தை எடுத்து ஓரத்தில் மட்டும் மெல்லப் பூசுவதே நல்லது.

ஒளி வரும் திசையை இம்மூன்றில் எதுவும் திருத்தாது. ஒளித் திசை பொருந்தாத படத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 100இல் எடுத்த உருவத்தை 3200இல் எடுத்த பின்னணியில் வைத்தால், கலப்பு முடிந்த பிறகு உருவத்துக்கும் அதே அளவு நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயரை (வெளிச்சத்தையும் இருளையும் மாற்றும் அடுக்கு) வைத்துக் கான்ட்ராஸ்ட்டை மிகையாக்கிப் பார்த்தால், சாதாரணமாகக் கண்ணுக்குத் தப்பும் ஒட்டு உடனே வெளிப்படும்.