அக்காவின் அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.: ஒரு பெங்களூரு மருத்துவமனையின் சேவை

அல்சூரில் வசிக்கும் என் அக்காவுக்கு இடது மார்பகத்தில் லோபுலர் வகைப் புற்றுநோய் (பால் சுரப்பிகளில் தோன்றுவது) என்று பயாப்சியில், அதாவது திசுப் பரிசோதனையில், உறுதியானது. இவ்வகைக் கட்டி திரண்டு நிற்காமல் இழையிழையாகப் பரவுவதாலும், அக்காவின் மார்பகத் திசு அடர்த்தியானதாக இருந்ததாலும், மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) கட்டியின் எல்லை சரியாகப் பிடிபடவில்லை. எனவே, எவ்வளவு அகற்றுவது என்பதை முடிவுசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் காண்ட்ராஸ்ட் ஊசிக்கு முன், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்க்க வேண்டும் என்பதை முன்பதிவின்போது எவரும் சொல்லாததால் எங்களுக்கு அரை நாள் வீணாயிற்று. காண்ட்ராஸ்டுக்குத் தனிக் கட்டணம் என்பதும் பில்லைப் பார்த்த பிறகே தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்த டெக்னீசியன் தமிழிலேயே பேசி, குப்புறப் படுத்து அசையாமல் இருக்க வேண்டும், இரைச்சல் பலமாகக் கேட்கும், ஊசி ஏறும்போது கை சில்லிடும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே விளக்கியதால், மூடிய அறை என்றாலே பதறும் அக்கா முக்கால் மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டார்.

படத்தில் முதல் கட்டி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்ததோடு, சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளியும் தென்பட்டது. அப்படியானால் மார்பகம் முழுவதையும் எடுத்துவிடலாமே என்று பயத்தில் நாங்களே கேட்டோம். எம்.ஆர்.ஐ. தீங்கற்றவற்றையும் சந்தேகத்துக்குரியவையாகக் காட்டிவிடும் என்று சொல்லி அறுவை மருத்துவர் மறுத்துவிட்டார். அல்ட்ராசவுண்டில் அதே இடத்தைத் தேடிப் பிடித்து ஊசியால் திசு எடுத்துப் பார்த்ததில், அது ஃபைப்ரோஅடினோமா எனும் புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. மார்பகம் தப்பியது, முதல் கட்டியைச் சுற்றி மட்டும் கூடுதலாக அகற்றத் திட்டமிட்டார்கள். குப்புறப் படுத்து எடுத்த படத்தில் இருக்கும் இடம், அறுவை மேசையில் மல்லாந்து படுக்கும்போது மாறிவிடும் என்பதால், அன்று காலை அல்ட்ராசவுண்ட் வைத்து மீண்டும் குறித்தார்கள்.

இந்தப் படம் இருந்தால் மறு அறுவைக்கே வேலையில்லை என்பதுபோல வரவேற்பறைப் பலகை பேசுகிறது, அது மிகை. பிரிட்டனில் 1,623 பெண்களிடம் நடத்தப்பட்டு 2010இல் லான்செட் இதழில் வெளியான கோமிஸ் ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மறு அறுவை விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அக்காவுக்குப் பயன்பட்டது லோபுலர் வகை என்பதாலும், ரேடியாலஜிஸ்டும் அறுவை மருத்துவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து பேசியதாலும்தான் என்றே நினைக்கிறேன்.

படங்கள் அடங்கிய சி.டி.யைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் வெறும் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.