பள்ளி அழைத்தால் முதலில் யாரிடம் பேசுவது: பிள்ளையிடமா, ஆசிரியரிடமா?

“பிள்ளை கொஞ்ச நாளாகச் சரியில்லை” என்று பள்ளி சொன்னதும், பலர் அன்று மாலையே பிள்ளையை உட்கார வைத்துக் கேட்கிறார்கள். அக்கறைதான், ஆனால் அது விசாரணையாகி, “ஒன்றுமில்லை” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

ஆசிரியரை முதலில் பார்ப்பதே மேல். எப்போதிலிருந்து, எந்த வகுப்பில், யாரோடு இருக்கும்போது, வாரத்தில் எத்தனை முறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “சோர்வாக இருக்கிறான்” என்பது போதாது, கண்ணால் கண்டது வேண்டும். வீட்டில் தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள். பிறகு பிள்ளையோடு நடந்துகொண்டே, “இடைவேளையில் தனியாக இருக்கிறாயாமே?” என்று தொடங்கலாம்.

இதில் நாள் கடக்கும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ சாவுப் பேச்சோ இருந்தால் காத்திருக்கவே கூடாது: அன்றே பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள் (கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது), தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.