வீட்டிலிருந்தே தபால் வாக்கு: வசதிதான், ஆனால் திரும்பிப் போக வழியில்லை

இந்தியத் தேர்தல் ஆணையம் தரும் வீட்டு வாக்குச் சேவை, 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனத்துக்குச் சான்று உள்ளவர்களுக்கும்தான். இதற்கு விண்ணப்பிக்கும் 12டி படிவம் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தேர்தல் சூடு பிடிப்பதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

அனுமதி கிடைத்ததும் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு நேரே குறி போட்டுவிடுவார்கள். அதன்பின் மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் வாக்களிக்க முடியாது. அலுவலர் குழு வரும்போது ஆள் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டு 13பி உறைக்குள், அந்த உறையும் 13ஏ உறுதிமொழியும் 13சி உறைக்குள். உறுதிமொழியில் கையெழுத்து விடுபட்டாலோ, சீட்டின் வரிசை எண் உறுதிமொழியிலும் 13பி உறையிலும் ஒன்றாக இல்லாவிட்டாலோ வாக்கு செல்லாது. ஒட்டுவதற்கு முன் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். ரகசியத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: தானே குறியிட முடிந்தவர் அருகில் வீட்டார் நிற்கக் கூடாது.

சாவடியில் இந்தக் காகித வேலை எதுவும் கிடையாது. வாக்கு எந்திரத்தில் பட்டனை அழுத்தினால், வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியில் சீட்டு 7 விநாடி தெரியும். வாக்கு சரியாக விழுந்ததைக் கண்ணால் பார்க்கலாம். பார்வையற்றோர் 18 வயது நிரம்பிய துணையை உள்ளே அழைத்துப் போகலாம். பூத் சிலிப் மட்டும் போதாது, அடையாள அட்டையும் வேண்டும்.

படுக்கையில் இருப்பவருக்கு வீட்டு வாக்கு அருமை. சக்கர நாற்காலியில் உட்கார முடிந்தவருக்குச் சாவடியே மேல்.