சனி இரவா, ஞாயிறு விடியலா?

மதுரையில் ஈஸ்டருக்கு இரண்டு வழி. ஒன்று, கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயம் போன்ற கத்தோலிக்கக் கோயில்களில் சனி இரவுத் திருவிழிப்பு, அதாவது உயிர்ப்புக்காக விழித்திருந்து செய்யும் வழிபாடு. மற்றது, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்தச் சபைகளின் ஞாயிறு அதிகாலை ஆராதனை. இரண்டுக்கும் போயிருக்கிறேன்.

திருவிழிப்பு நீளம்தான். இருட்டில் வெளியே நெருப்பு மூட்டுவார்கள். பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியில் சிலுவை, முதலும் முடிவுமாக அகரம், னகரம், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். இயேசுவின் ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். அப்புறம் அந்த ஒரே சுடர் கைக்குக் கை மாறிக் கோயில் முழுக்கப் பரவும். மெழுகு விரலில் சொட்டும். அட்டை செருகிக்கொண்டு போங்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைக்கலாம், ஆனால் செங்கடல் கடந்த பகுதியை விடக்கூடாது. பிள்ளைகள் அதற்குள் மடியில் தூங்கிவிடும்.

விடியல் ஆராதனை சுருக்கம். பெண்கள் இயேசுவின் கல்லறைக்குப் போன நேரமும் அதுதானே! இங்கே பிரசங்கமே மையம்: கண்டவர்கள் போய்ச் சொல்ல வேண்டும். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் பழக்கம் இன்னும் தெரிகிறது. சொல்வதில் கத்தோலிக்கரும் சளைத்தவர்கள் இல்லை. 1606இல் இங்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி) காவி கட்டித் தமிழிலேயே போதித்தார். உயிர்த்த இயேசுவைக் கண்டு முதலில் சொல்லப்போன மகதலா மரியாவின் நினைவு நாளை ரோம் விழாவாக உயர்த்தியது மட்டும் 2016இல்தான். ரொம்பத் தாமதம்!

உயிர்ப்பை உணர எனக்கு அந்த இருட்டு வேண்டும். கைக்குழந்தை இருந்தால் விடியலுக்கே போங்கள். எட்டு மணிக்குள் வீடு திரும்பி இட்லி ஊற்றிவிடலாம்.